தினம் ஐம்பது ஷில்லிங்: ஸ்டார்ட்அப் நிலைத்து நிற்க டிஜிட்டல் தொழில்நுட்பம் எங்கே கைகொடுக்கிறது

கேள்வி இது: "நாங்கள் மூன்று நண்பர்கள். திண்டுக்கல், நிலக்கோட்டை பக்கம் பூக்கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் சோலாரில் ஓடும் குளிர்பெட்டிகளை மாத வாடகைக்கு விடப்போகிறோம். கையில் 40 லட்சம் இருக்கிறது. அதில் 12 லட்சத்தை ஆப் செய்ய ஒதுக்கியிருக்கிறோம். டிஜிட்டல் தொழில்நுட்பம் இருந்தால் தொழில் நிலைத்து நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. விளக்க முடியுமா?"

உங்கள் தொழிலுக்கு அது கண்டிப்பாக உதவும். எந்த இடத்தில் உதவும் என்பதில்தான் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள். ஆப் அழகாக இருப்பதால் எந்தத் தொழிலும் நிலைத்ததில்லை. மொத்தமாகப் பணம் கட்ட முடியாத வாடிக்கையாளரிடமிருந்து சின்னச் சின்னத் தொகையை, அடிக்கடி, ஏறக்குறைய செலவே இல்லாமல் வசூலிக்க முடிகிறதே, கடந்த இருபது ஆண்டுகளில் சிறு முதலாளிக்குக் கிடைத்த பெரிய வசதி அதுதான் என்பேன். அந்த வசதி வந்த பிறகுதான், விற்க முடியாத பொருளை வாடகைக்கு விடுவதும், கமிஷனுக்குப் பதில் தினச் சந்தா வாங்குவதும், கடன் வரலாறே இல்லாதவருக்குத் தவணை கொடுப்பதும் கட்டுபடியாகத் தொடங்கின.

சின்னத் தொகையை வசூலிக்க எவ்வளவு செலவாகும் என்பது நம் ஊர்ச் சந்தைகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். தண்டல்காரர் 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார். மறுநாளிலிருந்து தினம் 100 வீதம் 100 நாள் வசூல். வட்டி கொடுமையானது, அதில் சந்தேகமில்லை. அந்த வட்டிக்குள் பேராசையோடு வசூல் செலவும் சேர்ந்தே இருக்கிறது: ஒரு ஆள், ஒரு வண்டி, பெட்ரோல், ஒரு நோட்டு, வராமல் போகும் பணத்துக்கு ஓர் ஒதுக்கீடு. நூறு ரூபாய் வாங்க ஒருவர் தினம் கடை வாசலில் வந்து நின்றாக வேண்டும். பூக்காரம்மாவுக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்குவதற்கும் பெரும்பாலும் இதே கணக்குதான் காரணம். அவர் கட்டமாட்டார் என்பதல்ல. அவரிடம் போய் வாங்கி வரும் செலவு வங்கிக்குக் கட்டாது.

இந்தச் செலவைத் தொழில்நுட்பம் உடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது கென்யாவின் எம்-கோபா நிறுவனத்தை. உங்கள் யோசனைக்கு மிக நெருக்கமானது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கென்யாவில் 2007-ல் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற கைபேசிப் பணப் பரிமாற்றத்தைத் தொடங்கியது. ஸ்மார்ட்போன் வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம். முக்குக் கடை முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் அது கைபேசி எண்ணில் ஏறிவிடும். சாதாரண பட்டன் போனிலிருந்தே யாருக்கும் அனுப்பலாம். அந்தத் திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நிக் ஹியூஸ், ஜெஸ்ஸி மூர், சாட் லார்சன் ஆகியோருடன் சேர்ந்து 2011-ல் எம்-கோபாவைத் தொடங்கினார். மின்கம்பம் எட்டாத கிராமத்து வீடுகளுக்குச் சிறிய சோலார் விளக்குத் தொகுப்பு கொடுப்பது திட்டம்: கூரைமேல் ஒரு சின்னத் தகடு, சில எல்இடி விளக்குகள், போன் சார்ஜ் செய்யும் வசதி, ஒரு ரேடியோ. மொத்த விலையை அந்தக் குடும்பங்களால் ஒரே நாளில் புரட்ட முடியாது. ஆனால் அவை தினமும் மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆகவே முன்பணமாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மண்ணெண்ணெய்க்கு ஆகும் செலவை ஒட்டித் தினம் 40, 50 ஷில்லிங் (கென்ய நாணயம்) என்று ஓராண்டுக்கு வைத்தார்கள். ஓராண்டு கட்டி முடித்தால் பொருள் வீட்டுக்காரருக்கே சொந்தம்.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். எம்-பெசாவில் பணம் வந்தால் அந்தத் தொகைக்கு உரிய நாட்கள் வரை விளக்கு எரியும். நாள் முடிந்தால் தானாக நின்றுவிடும். மறுபடி பணம் போட்டால் மறுபடி எரியும். வசூலுக்கு ஆள் வருவதில்லை, அதட்டல் கிடையாது, அக்கம்பக்கத்தார் முன் அவமானமும் கிடையாது. இன்று கூலி வந்ததா, நான்கு நாளுக்குச் சேர்த்துக் கட்டலாம். வரவில்லையா, இரண்டு நாள் இருட்டில் இருந்துவிட்டு மூன்றாம் நாள் கட்டலாம். அந்த இரண்டு நாளுக்கு அபராத வட்டி ஏறுவதில்லை, தவணை முடியும் தேதி தள்ளிப் போகும், அவ்வளவுதான். அன்றாடங்காய்ச்சியின் வரவு எப்படி இருக்குமோ அப்படியே தவணையையும் வளைத்தார்கள். எம்-கோபாவின் வெற்றியில் சோலார் தகட்டைவிட இந்த வளைவுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

அதைவிட முக்கியமான ஒன்று ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. எந்த வங்கியிலும் பெயரில்லாத ஒரு பெண் ஓராண்டாக எந்தெந்த நாளில் எவ்வளவு கட்டினார், எந்த மாதத்தில் திணறினார், திணறியபின் எத்தனை நாளில் மீண்டார் என்ற முழு வரலாறும் நிறுவனத்தின் கையில் சேர்ந்தது. நன்றாகக் கட்டி முடித்தவருக்கு, வாங்கிய சோலார் பெட்டியையே ஈடாக வைத்து அடுத்ததாக அடுப்பு, டிவி, பள்ளிக் கட்டணம் என்று கொடுக்க முடிந்தது. புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு இரண்டாவது விற்பனையில் கிடையாது. அவர் கட்டுவாரா மாட்டாரா என்ற சந்தேகமும் பெருமளவு கிடையாது. பின்னாளில் ஸ்மார்ட்போனைத் தவணைக்குக் கொடுப்பதே அவர்களின் பெரிய தொழிலாகிவிட்டது. உகாண்டா, நைஜீரியா, கானா என்று பரவினார்கள், மின்சார பைக்குகளுக்கும் வந்தார்கள். சோலார் விளக்குக் கம்பெனியாகத் தொடங்கியவர்கள், நாள்கூலிக்காரருக்கு நம்பிக் கடன் கொடுக்கத் தெரிந்த கம்பெனியாக வளர்ந்துவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் உங்களுக்கும் அந்த நாள் வரும். தவணைத் தொழிலில் ஒவ்வொரு புது வாடிக்கையாளரும் முதல் நாளில் உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறார். பிறகுதான் சிறுகச் சிறுகத் திருப்பித் தருகிறார். எனவே வேகமாக வளர வளரப் பணத் தட்டுப்பாடும் வேகமாக வரும். 2017-ல் எம்-கோபா 8 கோடி டாலர் மதிப்புக்குக் கடன் வாங்கியபோது அதை உள்ளூர் நாணயத்தில் வாங்கியது. வாடிக்கையாளர் கட்டுவது ஷில்லிங். வாங்கிய கடன் டாலர் என்றால், ஷில்லிங் சரியும் ஒவ்வொரு முறையும் நட்டம் நிறுவனத்தின் தலையில் விழும். இத்தனை கவனத்துக்குப் பிறகும் அவர்கள் பாதை மேடுபள்ளம் இல்லாமல் இல்லை. 2018-ல் ஆட்குறைப்பு செய்ய வேண்டி வந்தது.

இதே தொழில்நுட்பம் இன்னொருவரைக் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் நேர்மையாக இருக்கும். பெர்லினில் 2010-ல் தொடங்கிய மொபிசோல், தான்சானியாவிலும் ருவாண்டாவிலும் அதே முறையில் சோலார் கொடுத்தது: கைபேசியில் தவணை, கட்டாவிட்டால் தொலைவிலிருந்தே நிறுத்தம். பொருளும் தரமானதுதான். ஆனால் தகடு பெரியது, விலை அதிகம், தவணைக் காலம் சுமார் மூன்று ஆண்டு. அதாவது ஒவ்வொரு வீட்டிலும் மாட்டிக்கொண்டிருக்கும் பணமும் அதிகம், அது மாட்டிக்கொண்டிருக்கும் காலமும் அதிகம். மூன்று ஆண்டில் ஒரு விவசாயக் குடும்பம் எத்தனை வறட்சியைப் பார்க்கும்! 2019 ஏப்ரலில் மொபிசோல் திவால் மனு போட்டது. பிறகு பிரான்சின் எஞ்சி நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. சிம் கார்டும் சென்சாரும் இரு கம்பெனியிலும் ஒன்றுதான். போட்ட பணம் திரும்ப எத்தனை மாதம் ஆகிறது என்பதில்தான் வேறுபாடு.

நிலைத்து நிற்பது என்று சொல்லும்போது சுற்றுச்சூழலும் நினைவுக்கு வரும், உங்கள் திட்டத்திலும் சோலார் இருக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பொருளை விற்றுவிட்டால் அது கெட்டுப்போவது வாங்கியவர் பாடு. இன்னும் சொல்லப்போனால் அது சீக்கிரம் கெட்டால் விற்றவருக்கு அடுத்த விற்பனை. வாடகைக்கு விட்டால் பழுது செலவு உங்களுடையது. அப்போது தானாகவே நீடித்து உழைக்கும் கம்ப்ரஸரைத் தேடுவீர்கள், கழற்றி மாட்ட எளிதான பெட்டியை வடிவமைப்பீர்கள், திரும்பி வந்த பெட்டியைச் சரிசெய்து அடுத்தவருக்குக் கொடுப்பீர்கள். குப்பைக்குப் போவது குறையும். யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை, கணக்கே அந்தப் பக்கம் தள்ளிவிடும். இதற்குத் தொழில்நுட்பம் செய்யும் உதவி சாதாரணமானது: பெட்டிக்குள் ஒரு வெப்பநிலை சென்சார், மின்னோட்டத்தை அளக்க ஒன்று, தகவல் அனுப்ப இயந்திரங்களுக்கான 13 இலக்க சிம் ஒன்று. எட்டு டிகிரிக்கு இறங்க வழக்கமாக நாற்பது நிமிடம் எடுக்கும் பெட்டி இந்த வாரம் எழுபது நிமிடம் எடுக்கிறது என்றால், கேஸ்கட் கிழிந்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது தகட்டின்மேல் தூசி படிந்திருக்கலாம். கடைக்காரர் போன் செய்யும் முன்பே நீங்கள் போன் செய்யலாம். பூ வாடிய பிறகு போய் நிற்பதற்கும் அதற்கு முதல் நாள் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம், அவர் அடுத்த மாதம் வாடகை கட்டுவாரா என்பதையே தீர்மானிக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2016-ல் யூபிஐ வந்தது. 2020 ஜனவரியிலிருந்து அதில் வியாபாரியிடம் கட்டணம் எடுக்கக் கூடாது என்றானது. வியாபாரிக்கு நல்லது, ஆனால் பணப் பரிமாற்ற ஆப் நடத்தும் கம்பெனிக்கு அந்தப் பரிமாற்றத்தில் வருமானமே கிடையாது. பிறகு எப்படிப் பிழைப்பது? இங்கேதான் அந்தப் பேசும் பெட்டி வந்தது. சாயங்காலம் ஒரு பஜ்ஜிக் கடையில் நின்று பாருங்கள். கடைக்காரர் இரண்டு கையிலும் மாவு. கடாயில் எண்ணெய் கொதிக்கிறது. எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள், நான்கு பேர் ஒரே நேரத்தில் போனைக் காட்டி "அனுப்பிட்டேண்ணே" என்கிறார்கள். யார் அனுப்பினார், யார் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறார் என்று அவர் எப்படிப் பார்ப்பார்? பெட்டி "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று உரக்கச் சொன்னதும் பொட்டலத்தை நீட்டுகிறார். அந்த நிம்மதிக்காக மாதம் நூறு ரூபாய் அளவில் வாடகை கொடுக்க அவர் தயார். பேடிஎம் 2019-ல் இதைக் கொண்டுவந்தது. இப்போது எல்லாக் கம்பெனிகளும் வைத்திருக்கின்றன. பணப் பரிமாற்றம் இலவசம், நிம்மதிக்கு மாத வாடகை. கடைக்காரரின் உண்மையான தொந்தரவு எது என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் விலை வைத்தார்கள்.

பெங்களூரின் நம்ம யாத்ரி என்ற ஆட்டோ ஆப்பின் கதையும் இதே வழிதான். ஆட்டோ ஆப்கள் சவாரிக்கு நூற்றுக்கு இருபது, அதற்கு மேலும் கமிஷன் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், 2022 நவம்பரில் ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு ஜஸ்பே நிறுவனம் இதைத் தொடங்கியது. கமிஷன் கிடையாது. சந்தா பின்னர் வந்தது: நாளுக்கு 25 ரூபாய் கட்டினால் எத்தனை சவாரி வேண்டுமானாலும் ஓட்டலாம். சவாரிப் பணம் நேராக ஓட்டுநர் கைக்கு. லட்சம் ஓட்டுநரிடம் தினம் 25 ரூபாய் வாங்குவது யூபிஐ இல்லாத காலத்தில் நடக்கிற காரியமா? வாங்கி வரும் செலவே 25 ரூபாயைத் தாண்டியிருக்கும். பின்னர் ரேபிடோ ஆட்டோவுக்குச் சந்தா முறைக்கு மாறியது, 2025-ல் ஊபரும் அதே வழிக்கு வந்தது. ஒரு சின்ன வசூல் வசதி, பெரிய கம்பெனிகளின் கமிஷன் பழக்கத்தையே அசைத்துவிட்டது. ஓட்டுநருக்கும் இதில் கண்கூடான நன்மை இருப்பதால்தான் இது நிற்கிறது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் டன்சோவை வைத்துப் பாருங்கள். பெங்களூரில் ஒரு வாட்ஸ்அப் குழுவாகத் தொடங்கி, "எதை வேண்டுமானாலும் வாங்கிக் கொண்டுவந்து தருகிறோம்" என்று ஊரின் அன்பைச் சம்பாதித்த கம்பெனி. 2017-ல் கூகுள் பணம் போட்டது, 2022 ஜனவரியில் ரிலையன்ஸ் 20 கோடி டாலர் போட்டது. ஆப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2022-23-ல் வருமானம் 226 கோடி, நட்டம் 1,801 கோடி. ஒரு ரூபாய் வருமானத்துக்கு எட்டு ரூபாய் நட்டம். 2025 ஜனவரியில் ஆப் நின்றுபோனது. ஒவ்வொரு டெலிவரியிலும் கையைக் கடிக்கும் தொழிலை மென்பொருள் வேகப்படுத்தினால், முதலுக்கு மோசமும் அதே வேகத்தில் வரும்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா வெளி முதலீடே இல்லாமல் 2010-ல் தொடங்கி, ஆர்டருக்கு அதிகபட்சம் 20 ரூபாய் என்ற கட்டணத்தில், 2023-24-ல் 8,320 கோடி வருமானமும் 4,700 கோடி லாபமும் பார்த்தது. அடுத்த வாடிக்கையாளருக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம் என்பதால் அது முடிந்தது. ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி எஃப் அண்ட் ஓ என்ற ஊக வர்த்தகத்திலிருந்து வருவதால், 2024 கடைசியில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதன் விதிகளை இறுக்கியபோது அதன் தாக்கம் நேரடியாக விழுந்தது. வருமானம் ஒரே ஊற்றிலிருந்து வந்தால், அந்த ஊற்றுக்கு மேல் யார் கை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அந்தக் கை பெரும்பாலும் பணம் பிடிக்கும் விதிகளாக இருக்கும். 2021 அக்டோபரில் தானியங்கிப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி அமலுக்கு வந்தபோது, கார்டில் மாதச் சந்தா வாங்கிக்கொண்டிருந்த எத்தனையோ கம்பெனிகளின் வசூல் திடீரென்று தடுமாறியது.

சரி, உங்கள் குளிர்பெட்டிக்கு வருவோம். எண்களை நான் உதாரணத்துக்குத்தான் வைக்கிறேன், உங்கள் உண்மை எண்களைப் போட்டு மறுபடி செய்யுங்கள்.

பெட்டி ஒன்று 36,000 ரூபாய், வாடகை மாதம் 1,500 என்று வைப்போம். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் 24 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்று உங்கள் கணக்குத் தாள் சொல்லும். அந்தத் தாளை நம்பாதீர்கள். வர வேண்டியதில் நூற்றுக்கு 15 வராது என்று வையுங்கள்: 1,275 ஆகிறது. பழுதுக்கு மாதம் 150 ஒதுக்குங்கள். இப்போது வசூல். ஆள் வைத்துத் தினம் வசூலித்தால், சம்பளமும் பெட்ரோலுமாக 18,000. அவரால் 60 கடை பார்க்க முடியும் என்றால் பெட்டிக்கு 300. மிஞ்சுவது 825, போட்ட பணம் திரும்ப 44 மாதம். கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் யூபிஐ ஆட்டோபே வைத்து, வசூல் செலவைப் பெட்டிக்கு 50 ரூபாயில் முடித்தால் மிஞ்சுவது 1,075, 34 மாதம். வங்கிக் கடன் வட்டி இன்னும் இதில் சேரவில்லை. டிஜிட்டல் தொழில்நுட்பம் உங்களுக்குச் செய்யும் உதவி இந்தப் பத்து மாதம்தான். சின்னதாகத் தெரியலாம். மொபிசோல் கதையைப் படித்த பிறகு சின்னதாகத் தெரியாது.

ஆட்டோபேயை மாதம் ஒருமுறை என்று வைக்காதீர்கள். பூக்கடைக்காரர் கணக்கில் ஐந்தாம் தேதி 1,500 ரூபாய் சும்மா இருக்காது. விடியற்காலையில் சந்தையில் பூ எடுக்கவே அந்தப் பணம் போய்விடும். பிடித்தம் தோற்றுப் போகும். தோற்றுப் போனதற்கு அவர் வங்கி அபராதம் போட்டால், அந்தக் கோபம் உங்கள் மேல் திரும்பும். தினமும் பிடிக்கலாம், அதற்கு வசதியும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிடித்தத்துக்கும், பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே நிறுவனம் கட்டணம் வாங்கும், மாதம் முப்பது தடவை கொடுத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். வாரம் 350 என்பது நல்ல நடுவழி. எந்தக் கிழமை என்பதைக் கடைக்காரரே சொல்லட்டும். ஒருவருக்கு ஞாயிறு கல்லா நிறையும், இன்னொருவருக்கு வெள்ளி. கூடவே அவர் விரும்பினால் முன்கூட்டியே எவ்வளவு வேண்டுமானாலும் கட்டி நாட்களைச் சேர்த்துவைக்கும் வசதியும் கொடுங்கள். முகூர்த்த நாட்களில் கட்டி, முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மூச்சு விட்டுக்கொள்வார். ஜூஸ் கடைக்கு மழைக்காலம் அப்படி.

தொலைவிலிருந்து பெட்டியை நிறுத்தும் வசதியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கென்யாவில் நின்றது விளக்கு. விளக்கு நின்றால் வீடு இருட்டாகும், சரக்கு அழியாது. உங்கள் பெட்டிக்குள் இருப்பது ஒருவரின் அன்றைய முதல். உள்ளே நான்காயிரம் ரூபாய் மல்லிகை இருக்கும்போது 350 ரூபாய் பாக்கிக்காக நிறுத்தினால், அவர் அந்த வாரமும் கட்ட முடியாது, அடுத்த வாரமும் கட்ட முடியாது. பாவமும் உங்களைச் சேரும். நிறுத்துவதற்கு முன் போன், அதன் பிறகு நேரில் ஒரு சந்திப்பு, அதன் பிறகும் வழியில்லை என்றால் பெட்டி காலியாக இருக்கும் நேரம் பார்த்து மரியாதையாக எடுத்து வருவது, இந்த வரிசையை எழுதி ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். கடைத்தெருவில் ஒரு பெட்டியை நீங்கள் எப்படித் திருப்பி எடுத்தீர்கள் என்பதைப் பத்துக் கடை பார்த்துக்கொண்டிருக்கும்.

"இத்தனை மாதம் கட்டினால் பெட்டி உங்களுக்கே" என்று சொல்லும் ஆசை வரும். சொல்வதற்கு முன் ஒரு கணக்கரையும் வழக்கறிஞரையும் பாருங்கள். வெறும் வாடகைக்கு ஒரு சட்டம், தவணை விற்பனைக்கும் கடனுக்கும் வேறு சட்டம். கடன் மாதிரி ஆகிவிட்டால் உரிமம் உள்ள நிதி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துதான் செய்ய வேண்டியிருக்கும். ஜிஎஸ்டியையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பதிவு செய்யாத சிறு கடைக்காரர்கள், அவர்களால் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அவர்களைப் பொறுத்தவரை வாடகை என்பது வரியும் சேர்ந்த தொகைதான்.

இப்போது அந்த 12 லட்சம். இன்றைக்கு உங்களுக்கு ஆப் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பூக்கடைக்காரர் உங்களுக்காகப் புதிதாக ஓர் ஆப் இறக்க மாட்டார்; அவர் போனில் வாட்ஸ்அப்பும் ஒரு யூபிஐ ஆப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. பிடித்தத்துக்கு ஏதாவது ஒரு பேமென்ட் கேட்வேயின் சந்தா வசதி போதும். பில்லுக்கும் கணக்குக்கும் மாதக் கட்டணத்தில் ஜோஹோ புக்ஸ் போன்றவை இருக்கின்றன. சென்சார் தகவலைச் சேர்க்க ஒரு சின்ன கிளவுட் சர்வர். பழுது சொல்ல ஒரு வாட்ஸ்அப் எண், அதைத் தமிழில் எடுத்துப் பேச ஒரு ஆள். எல்லாம் சேர்த்து முதலாண்டுக்கு 2 லட்சம் வையுங்கள். 28 லட்சத்தில் 77 பெட்டி வாங்கலாம், 38 லட்சத்தில் 105. ஆனால் 105-ம் வாங்காதீர்கள்.

முதலில் 25 பெட்டி போதும். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் இறக்காமல், மாதம் ஐந்து என்று ஐந்து மாதம் இறக்குங்கள். ஒவ்வொரு மாதத்துக் கூட்டத்தையும் தனி வரிசையாக எழுதி வையுங்கள்: தையில் சேர்ந்தவர்கள் ஐந்து பேர், மாசியில் எத்தனை பேர் கட்டினார்கள், பங்குனியில் எத்தனை பேர், சித்திரையில் எத்தனை பேர். மொத்த வசூலை மட்டும் பார்த்தால் புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம் பழையவர்களின் பாக்கியை மறைத்துவிடும். வளரும் வரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். தனித்தனி வரிசையில் அந்த மறைப்பு நடக்காது. தை வரிசை சரிகிறது, ஆனால் பங்குனி வரிசை சரியவில்லை என்றால், இடையில் நீங்கள் எதையோ சரியாக மாற்றியிருக்கிறீர்கள். அது கடையைத் தேர்ந்தெடுத்த விதமா, கிழமை மாற்றியதா, பழுதுக்கு வேகமாகப் போனதா என்று கண்டுபிடியுங்கள். இதற்கு ஓர் எக்செல் தாள் போதும். முதலீட்டாளரோ வங்கி மேலாளரோ உங்களிடம் வந்தால் அவர் கேட்கப்போவதும் இந்தத் தாளைத்தான்.

எட்டு, ஒன்பது மாதம் கழித்து இந்த வரிசைகள் நூற்றுக்கு 85-க்குக் கீழே இறங்காமல் நின்றால் மீதிப் பெட்டிகளை வாங்குங்கள், அப்போது ரூபாயில் கடன் கேட்கவும் தைரியமாகப் போகலாம். நிற்கவில்லை என்றால் வாடகையையோ, பெட்டியின் அளவையோ, வாடிக்கையாளரையோ மாற்ற உங்களிடம் இன்னும் பணம் இருக்கும். இந்த வாரம் நிலக்கோட்டைச் சந்தைக்கு விடியற்காலையில் போய், பத்துப் பூக்கடைக்காரர்களிடம் ஒரே கேள்வி கேட்டு வாருங்கள்: நேற்று மிஞ்சிப்போய் வீசியெறிந்த பூ எத்தனை ரூபாய்க்கு இருக்கும்? சராசரி ஐம்பதைத் தாண்டவில்லை என்றால், தினம் ஐம்பது ரூபாய் வாடகையை அவர்கள் நீண்ட நாள் கட்டமாட்டார்கள்.